நாலாம் மாடிக்கு எல்லை எழுதுதல்

பதினாறு வருசமாய் உறுதி தட்டுகிறேன்
மகாதேவா நொத்தாரிசின் கந்தோரில்.
"வடக்கு: அன்னப்பிள்ளை பங்கு. கிழக்கு: ஒழுங்கை.
தெற்கும் மேற்கும்: அரியகுட்டி வாரிசுகள்.
இதற்குள் அடங்கிய நிலமும், வான்பயிர் செய்பயிரும்,
பங்குக் கிணறும், தண்ணி அள்ளப் போய்வரும் வழியும்."
கண்ணை மூடினாலும் விரல் பிழைவிடாது.
பனை எத்தனை, வேலி யாருடையது,
ஒரு குழி நிலத்துக்காகக் கோட்டடிக்கு நடந்த சகோதரர்கள்,
எல்லாம் என் மேசையால் போனவை.

எனக்கென்று நான் வாங்கியது
கல்வியங்காட்டில், தரையிலிருந்து நாற்பது அடி உயரத்தில்
ஒரு துண்டு காற்று.

வவுனியாவில் இருக்கிற தம்பிக்குச் சொன்னேன்.
"நாலாம் மாடியோ?" என்று சிரித்தான்.
பிறகு சிரிக்கவில்லை.
எட்டு மாதம், அவனுக்கு
அந்தச் சொல்லின் முகவரி கொழும்பில் இருந்தது.
"இது வேற," என்றேன்.
"ஜன்னல் இருக்கோ?"
"ஆறு," என்றேன், படத்தைப் பார்த்து எண்ணி.

படத்தில் எல்லாம் இருக்கிறது.
சருகு கொட்டாத மரங்கள்.
நாயோடு நடக்கும் மஞ்சள் தலைமயிர்ப் பெண்;
அவளை யாழ்ப்பாணத்தில் நான் எங்கும் கண்டதில்லை.
காகம் ஒன்றுகூட இல்லை.
படத்தைக் கொண்டுவந்த பொடியனுக்கு
நிதர்சன் என்று பெயர்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.

அத்திவாரத்துக்கு இருபது வீதம்.
முதல் தட்டுக்குப் பதினைந்து.
இரண்டாம் தட்டுக்கு என் காப்புகளும் சங்கக் கடனும்.
பிறகு சீமெந்து ஏறியது, கம்பி ஏறியது,
கட்டடம் ஏறவில்லை.
நிதர்சனின் போன் அடிக்கும், அடிக்கும், நிற்கும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பார்க்கிறேன்.
மேலே கம்பிகள், வெட்டாமல் விட்ட நகம் மாதிரி.
எதிர்ப்பக்கப் பூவரசடியில் நின்று கழுத்தை நிமிர்த்தினால்
என் குசினி வரப்போகிற இடம் தெரியும்.
தை மாத வாடைக்கு ஒரு கொக்குப்பட்டம்
விண் கூவக் கூவ
என் படுக்கையறைக்குள்ளால் போனது.

அங்கேதான் றெஜினோல்ட்டைக் கண்டேன்.
பாசையூர். ஐஸ் கொம்பனியில் வேலை.
ஐந்தாம் மாடி, எனக்கு நேர் மேலே.
அவரும் அண்ணாந்து நின்றார்.
பத்து நிமிசம் நல்லாய்த்தான் கதைத்தோம்.
பிறகு சொன்னார், குளியலறையை
வடக்குப் பக்கம் மாற்றித் தரக் கேட்கப்போவதாக.
"அது என்ர சாமியறைக்கு மேல."
"அதுக்கு?"
"ஒழுகும்."
"ஏன் ஒழுகும்? நான் நல்ல ரைல்ஸ் எல்லோ போடுவன்."
"எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுறது."
குரல் உயர்ந்தது. ஒழுங்கையில் ஒரு சைக்கிள் நின்றது.
தகரக் கொட்டிலில் காவல் இருக்கும் சன்னாசி,
அந்தக் கட்டடத்தில் உண்மையாய்க் குடியிருக்கிற ஒரே ஆள்,
சோற்றுப் பானையை இறக்கிவைத்துவிட்டு வந்து
எங்கள் இருவரையும் பார்த்தான்.
பிறகு மேலே பார்த்தான்.
பிறகு போய்ச் சோற்றை வடித்தான்.

வாடகை வீட்டுப் படலை வரைக்கும் கோபம் ஆறவில்லை.
ஒழுகும் என்றுதான் சொன்னேன்.
கட்டினால், என்று சேர்க்கவில்லை.

இன்று மத்தியானம் சேர் சாப்பிடப் போன நேரம்
ஒரு தாளைச் செருகினேன்.
"வடக்கு: வாடைக்காற்று.
கிழக்கு: மின்சாரசபைக் கம்பி, அதில் சிக்கிய பட்டவால்.
மேற்கு: படத்தின்படி கடல்.
கீழே: வேறொருவர் வாங்கிய காற்று.
மேலே: பாசையூர் றெஜினோல்ட், அவருடைய குளியலறை.
இதற்குள் அடங்கிய"

நிலமும் என்று விரல் தானாய் அடித்துவிட்டது.
வெள்ளை மை பூசி, காயும்வரை ஊதினேன்.
வான்பயிர் என்று அடித்தேன்.
அது பொருந்தியது.
மிச்சத்தை வழக்கம்போல:
பங்குக் கிணறும்,
தண்ணி அள்ளப் போய்வரும் வழியும்.